வேதப்புத்தகத்துக்குள் வைத்த சீட்டு

புளியங்குடி,
7.10.2024

அத்தானுக்கு,

விஜிதா எழுதுவது. அன்புள்ள என்று தொடங்க வேண்டும் என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வராததை எழுதி என்ன செய்ய, விட்டுவிட்டேன்.

நான் போனை எடுக்க மாட்டேன் என்கிறேன் என்று அண்ணனிடம் குறைப்பட்டீர்களாம். எடுக்கத்தான் மாட்டேன். நான் ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் "ஜெபிப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஜெபம் பண்ணுகிறவரை நடுவில் நிறுத்தக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். முடிந்ததும் ஆமென் சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். என் கேள்வி கேட்ட இடத்திலேயே கிடக்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஜெபம் வருகிற இடத்தைத் தாண்டிப் படித்துக்கொள்வேன்.

செப்டம்பர் மாத ஜெபப் பத்திரிகையின் பதினேழாம் பக்கத்தில் வந்த உங்கள் சாட்சியை இதுவரை நாற்பது தடவையாவது படித்திருப்பேன். "என் மனைவி விஜிதா அசுத்த ஆவியின் பிடியில் ஐந்து மாதம் கிடந்தாள். எட்டு நாள் சேர்ந்தாற்போல் குளிக்கவில்லை. என் முகத்தைக்கூட அடையாளம் தெரியாதவள்போல் பார்த்தாள்." கீழே உங்கள் பெயர், பைப் கடையின் பெயர், சங்கரன்கோவில் என்று ஊர், போன் நம்பர். இனி ஒன்றும் பாக்கியில்லை, நான் குளிக்காமல் கிடந்த போட்டோதான் போடவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. எல்.கே.ஜி. பிள்ளை ஒன்றின் அம்மா அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். "பேய் புடிச்ச டீச்சர்கிட்டயா நம்ம புள்ளையள விட்டிருக்கோம்" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். மறுநாள் தாளாளர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டீச்சர், பேச்சு அடங்கட்டும்" என்றார். ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான். அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது ஸ்தோத்திரப் பண்டிகை வருகிறது. நவம்பர் பத்தாம் தேதி நீங்களும் நானும் ஜோடியாகப் பீடத்துக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லுவோம் என்று சபையில் அறிவித்துவிட்டீர்களாம். என்னைக் கேட்டீர்களா? ஞாயிறுதோறும் காணிக்கைக் கவரின் மேல் எழுதியிருக்கிற காரணத்தை மைக்கில் வாசிக்கிறவர் நீங்கள். பசு கன்று போட்டதற்காக என்று ஒருத்தர் எழுதினால், "டாக்டர் கைவிட்ட பசு" என்று நீங்களாகச் சேர்ப்பீர்கள். அதை இருபது வருஷமாகக் கேட்டுச் சிரித்தவள்தான் நான். என்னையும் அந்தப் பசுபோல் ஆக்குவீர்கள் என்று நினைக்கவில்லை.

அந்தச் சாட்சி தப்பு என்று பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். அதுவரை நான் வரமாட்டேன்.

விஜிதா

~

சங்கரன்கோவில்,
10.10.2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான விஜிதாவுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. கடையில் ஆட்கள் நிற்கும்போதே பிரித்துவிட்டேன். பைப் வாங்க வந்த ஆள், "என்ன அண்ணாச்சி, முகம் வாடிப்போச்சு" என்று கேட்டான்.

நான் என்ன பாவம் செய்துவிட்டேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ கிடந்த கிடை உனக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். உன்னைத் தூக்கி உட்கார வைத்து, உன் தலையில் சிக்கு எடுத்துச் சீவிவிட்டவன் நான். போன வருஷம் லெந்து தவக்காலத்தில் இருபத்தோரு நாள் தண்ணீரும் இளநீருமாக உபவாசம் இருந்தேன். என் மனைவியை எழுப்பித் தந்தால் உம்முடைய நாமத்தை அச்சில் போட்டு மகிமைப்படுத்துவேன் என்று பொருத்தனை பண்ணினேன். அவர் தந்தார். நான் செலுத்தினேன். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லுகிறாயா?

பாளையங்கோட்டை டாக்டர் எழுதின சீட்டை மருந்துக் கடைக்குக் கொடுக்காமல் வேதப்புத்தகத்துக்குள் வைத்து கர்த்தரிடம் கொடுத்தேன். பதினாறாம் நாள், குருத்தோலை ஞாயிறு அன்று, ஆராதனை முடிந்து வந்து திறந்தால் சீட்டு இல்லை. அவரே எடுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் நீ எழுந்து அடுப்புப் பற்ற வைத்தாய். இதை நான் சொல்லாமல் யார் சொல்லுவார்கள்? ராயகிரிக் கூட்டத்தில் சொன்னேன், முந்நூறு பேர் அழுதார்கள்.

இன்னொரு நல்ல செய்தி. இளையரசனேந்தலில் வள்ளித்தாய் என்று ஒரு அம்மா. மகள் யோகலட்சுமிக்குப் பதினோரு வயது. நாலு வயதிலிருந்தே வலிப்பு. அந்தக் கூட்டத்தில் என் சாட்சியைக் கேட்டு, அந்த அம்மாவும் மகளுடைய சீட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டாள். இருபது நாளாக வலிப்பு வரவில்லையாம். பண்டிகைக்கு வந்து ஸ்தோத்திரக் கவர் போடப்போகிறாள். உன்னால் ஒரு குடும்பம் விடுதலை அடைந்திருக்கிறது, அதற்காகவாவது நீ சந்தோஷப்பட வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் பேசுவது உலகத்தின் பேச்சு. அது போகும். ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. உன் அண்ணன் கடையிலிருந்து அனுப்பின எலுமிச்சம்பழம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. ஊறுகாய் போட ஆளில்லை.

கோபத்தைக் கர்த்தருடைய பாதத்தில் வைத்துவிட்டுப் புறப்பட்டு வா.

உனக்காக எந்நேரமும் ஜெபிக்கும்,
ஜெபத்துரை

~

புளியங்குடி,
14.10.2024

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரிக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

அந்தச் சீட்டைக் கர்த்தர் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ரூபியா எடுத்தாள்.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் நீங்கள் ஆராதனைக்குப் போயிருந்தீர்கள். அவர்களுக்கு அப்போது நோன்பு மாதம். பள்ளிவாசலில் வாங்கின நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து எனக்கு ஊட்டினாள். நான் வாயைத் திறக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அவள் நோன்போடு இருந்துகொண்டு, சோறு இருந்தும் சாப்பிடத் தெரியாத எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கட்டில் பக்கத்தில் வேதப்புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்தாள். உருவி எடுத்து, "ஏட்டி, இது மருந்துக் கடைக்காரன் படிக்க வேண்டிய எழுத்துல்லா. ஆண்டவனுக்கு எதுக்குட்டி சீட்டு, அவனுக்குத்தான் சீட்டு இல்லாமலே தெரியுமே" என்றாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். பாங்கு சொல்லும் முன்னே மாத்திரையோடு திரும்பி வந்து முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் நோன்பு திறக்கப் போனாள்.

நான் இங்கே வரும்வரை அந்த மாத்திரை பதினேழு மாதமாக அவளுடைய தையல் மெஷின் டிராயரில் இருந்தது. தினமும் சாயங்காலம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன், ஊக்கு வைக்கப் போகிறேன் என்று நான் போனதெல்லாம் அதற்குத்தான். மாதம் ஒரு தடவை லைனிங் துணி எடுக்கத் திருநெல்வேலிக்குப் போகிறோம் என்று உங்களிடம் சொன்னோமே, அந்த டாக்டரிடம்தான் போனோம். அவள் கணவர் சலாவுதீனுக்குக்கூட ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னாளாம். உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லை. மாத்திரை அவிசுவாசம் என்று சொன்னவர் நீங்கள்.

அந்த ஐந்து மாதமும் என்னை எந்த ஆவியும் பிடிக்கவில்லை. அது ஒரு வியாதி. எனக்கு அழுகைகூட வரவில்லை. சாகலாம் என்றுகூடத் தோன்றவில்லை, அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே. இதை டாக்டரிடம் சொன்னதிலிருந்து அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பார். "கோபம் வருதாம்மா?" மாதாமாதம் இல்லை டாக்டர், இல்லை டாக்டர் என்றே சொல்லிவந்தேன். உங்கள் சாட்சி வந்த அன்றைக்குத்தான் காப்பி குடித்த எவர்சில்வர் தம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். சுவரில் காரை பெயர்ந்திருக்கும் பாருங்கள், பிரிட்ஜுக்கு மேலே. அந்த மாதம் போய், வருது டாக்டர் என்றேன். "அப்ப நல்லா வந்துட்டீங்க" என்று சிரித்தார்.

உபவாசத்தால் சுகம் கிடைத்தது என்று எழுதினீர்கள். சரிதான். உங்களோடு சேர்த்து ரெண்டு பேர் உபவாசம் இருந்தீர்கள். அதில் ஒருத்தி மருந்துக் கடைக்குப் போனாள்.

இதையெல்லாம் இந்த ஜென்மத்தில் உங்களிடம் சொல்லுவதாக இல்லை. வள்ளித்தாய் என்ற பெயரைப் படித்த பிறகு மறைக்க முடியவில்லை. வலிப்பு மாத்திரையை அப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன், வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்கிறார். உடனே அந்த ஊருக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். என் பெயரைக் கெடுத்தது கிடக்கட்டும். அந்தப் பிள்ளையைப் பாருங்கள்.

விஜிதா

~

சங்கரன்கோவில்,
19.10.2024

விஜிதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் கடை திறக்கவில்லை.

பதினேழு மாதம். தினமும் உன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். தினமும் நீ ஆமென் சொன்னாய். வயிற்றுக்குள் மாத்திரையை வைத்துக்கொண்டு ஆமென். பக்கத்து வீட்டில் அவளும் நீயும் உட்கார்ந்து என்னைப் பார்த்து எப்படியெல்லாம் சிரித்தீர்களோ. இந்தப் பைத்தியக்காரன் சீட்டு மறைந்துவிட்டது என்று ஊர் ஊராகப் போய் மைக்கில் அழுகிறான் என்று உங்களுக்குத் தெரியும். என்னை அழவிட்டீர்கள். என்னைக் கர்த்தருக்கு முன்பாகப் பொய்யன் ஆக்கினவள் நீ. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் நம்பினேன்.

ரூபியா வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கேட்டேன். தெருவே பார்த்தது. மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "ஆமா அண்ணாச்சி, நாந்தான் எடுத்தேன். திருட்டுன்னா ஸ்டேசன்ல போயிச் சொல்லுங்க. ஒங்க வேதத்துக்குள்ள இருந்து வேற ஒண்ணும் எடுக்கல, எண்ணிப் பாத்துக்கிடுங்க." சலாவுதீன் வந்து கையைப் பிடித்து, "விடுங்க வே, பொம்பளையாளுக்க பேச்சு" என்றான். அவன் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

ஒன்று கேட்கிறேன். அந்த நேரத்துக்கு அவளை அந்த வீட்டுக்குள் அனுப்பினது யார்? கர்த்தர்தானே? அப்படியானால் சீட்டை எடுத்தது கர்த்தர் என்று நான் எழுதினதில் என்ன தப்பு? யோசித்துப் பார்த்தால் சாட்சியில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

வள்ளித்தாய் காரியத்தை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த அம்மாவின் விசுவாசத்தை உடைக்க நான் யார்? நன்றாக இருக்கிற பிள்ளைக்கு நாமே வியாதியைப் போய்ச் சொல்லுவதா?

நீ செய்ததற்கு மனம் வருந்தி ஒரு வரி எழுது. அதுவரை இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

ஜெபத்துரை

~

புளியங்குடி,
22.10.2024

அத்தானுக்கு,

படி ஏற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். படி ஏற இங்கே யார் காத்துக்கொண்டிருக்கிறது?

உங்களிடம் மறைத்தது தப்புதான். அதற்கு வருத்தம் உண்டு, இதோ எழுதிவிட்டேன். ஆனால் என் ஆமென் பொய் இல்லை. நீங்கள் எனக்குச் சுகம் கேட்டீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ராயகிரியில் அழுததைக் கேள்விப்பட்டு ரூபியா அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டிவிட்டாள். "பாவம்ட்டி அந்த மனுசன், சொல்லிருவோமா" என்று கேட்டவள் அவள். வேண்டாம் என்றவள் நான்.

கர்த்தர்தான் அவளை அனுப்பினார். யார் இல்லை என்றது? அதைச் சொல்லித்தான் தினமும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன். அப்படியென்றால் மைக்கில் அவள் பெயரைச் சொல்லுவதற்கு உங்களுக்கு என்ன தடை? ஒரு துலுக்கப் பெண் என்பதா, ஒரு மாத்திரை என்பதா? அனுப்பினவருக்கு மாலை, வந்தவளுக்கு வாசலில் நின்று சத்தம். நன்றாக இருக்கிறது உங்கள் நன்றி.

இளையரசனேந்தலுக்குப் போங்கள். இன்னும் ஒரு தடவை சொல்லுகிறேன், போங்கள். நீங்கள் போகாவிட்டால் நான் போவேன்.

விஜிதா

~

சங்கரன்கோவில்,
3.11.2024

விஜிதா,

தீபாவளிக்கு மறுநாள் இளையரசனேந்தலிலிருந்து ஒரு ஆள் கடைக்கு வந்தான். தீபாவளி அன்று காலையில் யோகலட்சுமி அடுப்படியில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். பணியாரச் சட்டியில் கை பட்டு முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. நாக்கைக் கடித்திருக்கிறாள். ஆள் சொல்லிவிட்டு, "வள்ளித்தாய் ஜெபம் பண்ணச் சொன்னா அண்ணாச்சி" என்றான். நான் ஜெபம் பண்ணவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பிள்ளை கையில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. நாக்கு வீங்கியிருந்ததால் பேச முடியவில்லை. நான் வள்ளித்தாயிடம் உட்கார்ந்து சொன்னேன். சீட்டு மறையவில்லை, பக்கத்து வீட்டு அம்மா எடுத்தாள், விஜிதா மாத்திரை சாப்பிட்டுத்தான் எழுந்தாள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். விஜிதா, அவள் நம்பவில்லை.

"ஒங்களுக்குள்ள சந்தேகம் பூந்துட்டு அண்ணாச்சி. ஒங்களுக்காக நான் ஜெபிக்கேன்" என்றாள். என் தலையில் கைவைத்து ஜெபித்தாள். என்னால் பேசவே முடியவில்லை. ஜெபத்தின் நடுவில் எப்படிப் பேசுவது? நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இது சோதனை, இதில் நிலைத்து நின்றால் முழுச் சுகம் கிடைக்கும் என்கிறாள். இந்த வார்த்தையெல்லாம் நான் ராயகிரியில் சொன்னதுதான். அதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள். கைக்கு மருந்து போடக்கூடச் சம்மதிக்கவில்லை. வெந்த புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள்.

என் வாய்க்கு அங்கே மரியாதை இல்லாமல் போய்விட்டது. நீதான் அவளிடம் பேச வேண்டும். உன்னைப் பார்த்தால் நம்புவாள். நீ எழுதும்போதே போயிருக்கலாம். பதினைந்து நாள் பெருமைக்காகக் காத்திருந்தேன். அந்தக் கை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது.

ஜெபத்துரை

~

புளியங்குடி,
6.11.2024

அத்தானுக்கு,

உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன், அது என் தப்பு. நேற்று இளையரசனேந்தலுக்குப் போனேன். ரூபியாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையின் கையைப் பார்த்ததும் ரூபியா யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புண்ணுக்குக் கட்டுப் போட்டாயிற்று. வலிப்பு மாத்திரைக்குத்தான் வள்ளித்தாய் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள், பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

நான் என் மாத்திரை அட்டையைக் காட்டினேன். கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் மூலையில ஒக்காந்து காதுல சொல்லுதிய. அண்ணாச்சி முந்நூறு பேருக்கு முன்னால மைக்குல சொன்னாவ. எதை நம்ப? மைக்குல சொன்னதை மைக்குல சொல்லச் சொல்லுங்க. அப்ப குடுக்கேன்."

முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆகவே நான் பண்டிகைக்கு வருகிறேன். எந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டேனோ அங்கேயே வருகிறேன். உங்களுக்காக இல்லை. உங்கள் பக்கத்தில் ஜோடியாக நிற்கவும் மாட்டேன். ரூபியாவோடு கடைசி பெஞ்சில் உட்காருவேன். வள்ளித்தாயும் மகளும் எங்களோடு உட்காருவார்கள். மற்றவர்கள்போல் நானும் ஒரு கவர் போடுவேன். மேலே என் பெயரும் காரணமும் எழுதியிருக்கும். நீங்கள் வாசிக்க வேண்டும். சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. கன்று போட்ட பசுவைக் கன்று போட்ட பசு என்றே வாசியுங்கள்.

நீங்கள் வாசிக்காமல் தாண்டினால் நான் எழுந்து வந்து மைக்கை வாங்குவேன். எனக்கு இப்போது அந்தத் தெம்பு உண்டு.

விஜிதா

~

சங்கரன்கோவில்,
11.11.2024

அன்புள்ள விஜிதாவுக்கு,

நேற்று நீ இரண்டு மணி பஸ்ஸில் ஏறினதைப் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முன்னால் வரவில்லை. வந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன், அதுவும் கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கவர் பதினெட்டாவதாக வந்தது. உன் எழுத்தைப் பார்த்ததும் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் நீ எழுந்திருக்கத் தயாராக முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் வாசித்தது அதற்குப் பயந்து இல்லை. உனக்குப் பக்கத்தில் அந்தக் கட்டுப்போட்ட கை தெரிந்தது. அதற்குத்தான் வாசித்தேன்.

நீ எழுதியிருந்ததை நீயே அறிவாய். நான் எழுத்துப் பிசகாமல் வாசித்தேனா என்று நீ சரிபார்க்க இங்கே திரும்ப எழுதுகிறேன்.

"விஜிதா. பாளையங்கோட்டை டாக்டருக்காக ஸ்தோத்திரம். பதினேழு மாதம் நான் மறைத்துச் சாப்பிட்ட, இன்னும் சாப்பிடுகிற மாத்திரைக்காக ஸ்தோத்திரம். வேதப்புத்தகத்துக்குள் இருந்த சீட்டை எடுத்து மருந்துக் கடைக்குப் போன ரூபியாவுக்காக ஸ்தோத்திரம். நான் எழுந்திருக்க முடியாத நாட்களில் என் தலையைச் சீவிவிட்ட கைக்காக ஸ்தோத்திரம். அந்தக் கை என்னைப் பற்றி எழுதினதன் மேல் எனக்கு இன்னும் தணியாத கோபத்துக்காக ஸ்தோத்திரம். செத்தவளுக்குக் கோபம் வராது."

அதன் பிறகு நானாகச் சொன்னதும் உனக்குக் கேட்டிருக்கும். பத்திரிகையில் எழுதினதும், ராயகிரியிலும் மற்ற ஊர்களிலும் மைக்கில் சொன்னதும் நடந்தது அல்ல, நான் சொன்னதைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே சாப்பிடுங்கள் என்றேன். சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாய். இதை மட்டும் சேர்த்தேன்.

வள்ளித்தாய் மடியிலிருந்து எடுத்துப் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்ததையும், ரூபியா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினதையும் பீடத்திலிருந்தே பார்த்தேன். வள்ளித்தாய் வெளியே வந்ததும் என்னிடம், "கை வெந்ததுக்கு அப்புறமா அண்ணாச்சி மைக்கைத் தேடுனிய" என்று கேட்டாள்.

பாஸ்டர் இனிமேல் கவர் வாசிக்க வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்குத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். போடுவார்களோ என்னவோ. அதன் நகலோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தாளாளரையும் பார்த்தேன். "பார்ப்போம்" என்றார். ரூபியா வீட்டு வாசலிலும் போய் நின்றேன். தெரு பார்க்கட்டும் என்று நடுத்தெருவில் நின்றுதான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மெஷினை நிறுத்தினாள். "சரி, போங்க அண்ணாச்சி, சோறு பொங்கித் தின்னுங்க" என்றாள்.

கவர்களைப் பிரிக்கும்போது உன்னுடையதில் காணிக்கை இல்லை. அந்தச் சீட்டுதான் இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, மருந்துக் கடை முத்திரை குத்தினது. இதை மறுபடியும் வேதப்புத்தகத்துக்குள் வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

வா என்று எழுத இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை. ஒன்றைச் சொல்லத்தான் எடுத்தேன். ஒவ்வொரு கவரையும் வாசித்து முடித்ததும் சபை ஆமென் சொல்லும், உனக்குத் தெரியும். உன்னுடைய கடைசி வரியை வாசித்து முடித்ததும் பழக்கத்தில் எல்லாரும் ஆமென் என்றார்கள். அதற்குப் பிறகுதான் என்ன கேட்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

இப்போது சொல்லுகிறேன். ஆமென்.

ஜெபத்துரை